ஆம்ஸ்டர்டாமிலிருந்து மத்தியானத்துக்குள்

என் சந்தேகக்கார நைனாவுக்கு,

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். திதிக்கு ஐயரிடம் சொல்லியாயிற்று. அம்மாவின் திதிக்கு வந்த அதே ஐயர்தான். "மந்திரத்துல பாதிய முழுங்கிட்டு எழுந்துக்கிறாரு பாரு" என்று என் காதில் முணுமுணுத்தாயே, அவர். இந்தத் தடவை எதிரிலேயே நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் மந்திரத்தில் ஒரு எழுத்தைக்கூட முழுங்க விடமாட்டேன்.

நாம் யாரையும் சட்டென்று நம்புகிறவர்கள் இல்லை, இல்லையா? பெட்ரோல் பங்கில் மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டி மூடியைத் திறப்பாய். வானிலை அறிக்கையில் புயல் இல்லை என்றால் அன்றைக்குத்தான் படகுக்காரர்களை உஷாராக இருக்கச் சொல்வாய். இன்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது என்று உன் படகு இன்ஜின் பட்டறையில் ஒருவர் சொன்னால், "அப்பறம் இன்னாத்துக்கு இங்க எடுத்தாந்தே?" என்பாய். பழவேற்காட்டில் உன்னிடம் ஏமாற்றிப் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை.

இந்தக் கடிதத்தைத் திதியன்றைக்கு உன் படத்துக்குக் கீழே வைப்பேன், ஊரே படிக்கும். படிக்கட்டும். அந்த நாளை ஊர் ஒரு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேறு.

தம்பி தேவா வெளிநாடு போன புதிதில் நீயும் நானும் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான் உன் பிள்ளை. எவ்வளவு தூரம் என்று கேட்டாய். ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர், பத்துப் பதினோரு மணி நேரம் பறக்கணும் என்றேன். பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிரில் விமான டிக்கெட் போடும் கடையில் வேலை பார்க்கிறவள் நான். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீ நம்பவில்லை.

உன் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் டச்சுக்காரன் கல்லறைப் பக்கம் கையைக் காட்டினாய். "தோ படுத்துனுகீறானுங்களே, இவனுங்கோ மாசக்கணக்குல கப்பல்ல வந்தானுங்கோ. வந்தவன் திரும்பிப் போவ முடியாம இங்கியே மண்ணுக்குள்ள போய்ட்டான். அவனூருக்கு அரை நாள்ல போவ முடியுமா? நடுவுல எங்கியாவது எறக்கிவுட்டு ஏமாத்துவானுங்கோ."

"எறக்கித்தான் நைனா விடுவாங்க. துபாயில எறங்கி வேற ஃப்ளைட் மாறணும்" என்றேன்.

"பாத்தியா! நான் சொல்லல?" என்றாய். அன்றைக்கு முழுக்க உனக்கு ஒரே சந்தோஷம்.

நீ போவதற்குச் சில நாள் முன்னால் அதே கேள்வியை மறுபடி கேட்டாய். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அவன் அங்கேர்ந்து கெளம்புனா இங்க வந்து சேர எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாய். காத்திருப்பதெல்லாம் சேர்த்து முக்கால் நாள் பிடித்துக்கொள், பிறகு மீனம்பாக்கத்திலிருந்து காரில் வரணும் என்றேன். "எதுக்கு கேக்கறே? தேவா வர்றானா?" என்று திருப்பிக் கேட்டேன். "சும்மாதாம்மா" என்று டீயை உறிஞ்சினாய். நீ எதையும் சும்மா கேட்கிற ஆளில்லை. எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் பஸ் வந்துவிட்டது.

அப்புறம் அந்த விடியல். தண்ணீர் குடிக்க எழுந்தவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாய். நான் ஓடிவந்து பிடித்தபோது உன் கை என் கையை ஒரு தடவை அழுத்தியது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டு சம்சாத் அக்கா ஆட்டோவோடு வந்தபோது ஏற்றிப் போக ஒன்றும் மிச்சமில்லை.

தேவாவுக்கு போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பச் செய்தேன். அந்த ஊரில் அப்போது நடுராத்திரி. தூங்குகிறானாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவன் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிற பிள்ளையில்லையே. கடைசியில் அழுதுகொண்டே ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "நைனா பூட்ச்சுடா" என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

பெரியவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். பிள்ளைக்காக வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா? என்னைத்தான் கேட்டார்கள். என் தொழில் அல்லவா? இப்போதே சேதி கிடைத்து உடனே டிக்கெட் கிடைத்தாலும் நாளைக்குக் காலையில்தான் வந்து சேருவான் என்று உறுதியாகச் சொன்னேன். பொன்னேரியிலிருந்து ஐஸ் பெட்டிக்கு ஆள் போனது.

ஐஸ் பெட்டி வரவில்லை. அதற்கு முன்னால் தேவா வந்துவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டு வேளைகூட ஆகவில்லை நைனா. வாடகைக் கார் தெருமுனையில் நின்றது. அவன் இறங்கி ஓடிவந்து உன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பெண்கள் எல்லோரும் ஓவென்று கதறினார்கள். "அப்பன் செத்தான்னதும் பறந்து வந்துட்டான் பாரு! புள்ளன்னா இவன்தான்!" என்று யாரோ சொன்னார்கள். ஆளாளுக்கு அதையே திருப்பிச் சொன்னார்கள். சாயங்காலமே அவன் உனக்குக் கொள்ளி வைத்தான்.

நான் அழுவதை நிறுத்திவிட்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு உனக்காக அழாமல் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். விடியலில் நடந்த சாவுக்கு ஆம்ஸ்டர்டாமிலிருந்து மத்தியானத்துக்குள் எப்படி ஒருவன் வர முடியும்? எந்த விமானமும் அப்படிப் பறக்காது. காக்காய்கூடப் பறக்காது.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "எப்பட்றா இவ்ளோ சீக்கிரம் வந்தே?"

"கெடச்ச ஃப்ளைட்ல ஏறிட்டேன்கா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

யாரிடம் சொல்கிறான் பார்! என் சேதி கேட்டு ஏறியிருந்தால் அந்நேரத்துக்குப் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டானே. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. ஆம்ஸ்டர்டாமே பொய் என்று மனசு சொன்னது. வீடியோ காலில் எப்போது பார்த்தாலும் அவனுக்குப் பின்னால் ஒரு வெறும் சுவர்தான் இருக்கும். பனி கொட்டுகிறது என்பான், காட்ட மாட்டான். அனுப்பின பூந்தோட்டப் படம் காலண்டரில் வருகிற மாதிரி இருந்தது. அத்தனை குளிர் ஊரிலிருந்து வந்தவன் காலில் ரப்பர் செருப்பு. அப்படியானால் எங்கே இருக்கிறான்? என்ன செய்கிறான்?

நான் இப்படிச் சந்தேகப்படுவதற்குக் காரணம் உனக்குத் தெரியும். வேலைக்குப் போகிறேன் என்று தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பார்க்கில் உட்கார்ந்துவிட்டு வந்தவனோடு குடித்தனம் செய்தவள் நான். அந்த வாழ்க்கை வேண்டாம் என்று பெட்டியோடு உன் வாசலில் வந்து நின்றபோது நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்கு அவன் மேல ஒரு டவுட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு இட்லி வாங்கிவரப் போனாய். இப்போது தம்பியும் அதே ஜாதியா என்று பயந்துபோனேன்.

காரியத்துக்கு முன்னால் ஒருநாள் சம்சாத் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார்: "போன மாசம் எளாவூர் செக்போஸ்டாண்ட ஒரு கம்பெனி வேன்ல நம்ம தேவா மாதிரியே ஒருத்தன பாத்தேன் கோமளா. கூப்புடலாம்னு பாத்தேன், வேன் பூட்ச்சு."

எனக்கு அது போதும். மறுநாள் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எளாவூருக்குப் போனேன். செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு டீக்கடை. போனில் தேவாவின் படத்தைக் காட்டினேன். டீக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இவரா? டெய்லி வர்றாரேம்மா. வேன்லேர்ந்து எறங்கி ரெண்டு வடை துன்னுட்டுப் போவாரு."

நான் கடைக்குக் கிளம்பியதும் இவன் இங்கே வந்துவிடுகிறானாக்கும் என்று நினைத்தேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆந்திராவிலிருந்து வருகிற லாரிகள் வரிசையாக நின்று போயின. வெகுநேரம் கழித்து அந்த வேன் வந்தது. தம்பி இறங்கினால் என்ன கேட்பது என்றுகூட நான் யோசித்து வைக்கவில்லை. அடிப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இறங்கினவன் தேவா இல்லை. அதே உயரம், அதே மீசை, அதே சாய்ந்த நடை. ஆந்திராவில் சூலூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரன். டீக்கடைக்காரர் அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, அவன் என் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டான். "அச்சு நம்மள மாரியே கீறாரே! உங்க தம்முடா அக்கா? இப்ப எங்க கீறாரு?"

"தெரியல" என்றேன். வீட்டில் எனக்கும் சேர்த்துச் சோறு வடித்து வைத்துவிட்டு உன் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த தம்பியை, எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை என்று சொன்னேன் நைனா. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நேராகப் பட்டறைக்குப் போனேன். தேவா யாருடைய இன்ஜினையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால், கல்லறைச் சுவர் மேல் ஆடு ஒன்று நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ நெஜமா ஆம்ஸ்டர்டாம்லதான் இருக்கியா?"

"இன்னாக்கா கேள்வி இது?"

"நைனா போனது விடியக்காலைல. நீ மத்தியானத்துக்குள்ள வந்து நிக்கறே. நான் இன்னா வேலை பாக்கறேன்னு மறந்துட்டியா? ஊரு நம்பும், நான் நம்ப மாட்டேன். எங்க இருந்தே? யாரை ஏமாத்தறே?"

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அங்கதான்கா இருந்தேன். மொத நாளே கெளம்பிட்டேன்."

"நைனா பூடும்னு உனக்கு மொத நாளே தெரியுமா?" நக்கலாகத்தான் கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "தெரியும்கா."

அதற்குப் பிறகு அவனாகவே சொன்னான். நீ அவனுக்கு போன் செய்தது, பொன்னேரி டாக்டர் உன் நெஞ்சைப் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னது, நீ மாட்டேன் என்றது. "ஒரு தபா வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போடா. அக்காகிட்ட மட்டும் சொல்லாதே" என்றாயாம். என் கடைக்குத் தெரியாமல் அங்கேயே டிக்கெட் எடுத்தானாம். நான் விடியலில் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அரபிக்கடலுக்கு மேலே இருந்திருக்கிறான். உன்னைப் பார்க்கப் போகிற நினைப்பில், உனக்குப் பிடித்த தேங்காய் பன் ஊருக்குள் நுழையும்போது வாங்கணும் என்று யோசித்துக்கொண்டு வந்தானாம். மீனம்பாக்கத்தில் இறங்கிப் போனைத் திறந்ததும் என் குரல்.

"பறந்து வந்துட்டான், பறந்து வந்துட்டான்னாங்களேக்கா, ஒவ்வொரு தபாவும் செருப்பால அடிச்ச மாரி இருந்துச்சு. வந்து சேரலியே நான். நைனா சொல்லாதேன்னுச்சு. அத்தொட்டு சொல்லல."

நான் அதையும் நம்பவில்லை. உன் மகள் இல்லையா? படகுத்துறையில் வலையை உலர்த்திக்கொண்டிருந்த உன் சிநேகிதர் ஆரோக்கியம் மாமாவிடம் போனேன். நீ டாக்டரிடம் போயிருந்தால் தனியாகப் போயிருக்க மாட்டாய். என்னைப் பார்த்ததுமே அவர் வலையைக் கீழே விட்டார்.

"தேவா சொல்லிட்டானா?" என்றார். அதிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"உங்கப்பனுக்கு ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை இல்லம்மா. 'ஒரு தபா தொறந்த இன்ஜின் முந்தி மாரி ஓடுமா ஆரோக்கியம்'ன்னான். கோமளாவுக்குத் தெரிஞ்சா ஆம்புலன்ஸோட வந்து நிப்பா, உடமாட்டா, அப்டின்னான். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல. சிலுவை மேல சத்தியம் வாங்கிட்டான். புள்ள வந்து எறங்கற வரிக்கும் தாங்கும்னு கணக்குப் போட்டான். கொஞ்சத்துல தவறிடுச்சு."

அப்போதுதான் அந்தக் காலையில் நீ கேட்ட கேள்வி எனக்குப் புரிந்தது. உன் நெஞ்சு தாங்குமா என்று பார்க்க என்னிடமே பயண நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறாய். நானும் பஸ்ஸுக்குப் பறந்துகொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். படத்துக்கு விளக்கேற்றவில்லை. உன் சட்டைகளைச் சுருட்டி மூலையில் வீசினேன். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்குத் தெரிந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸோடு வந்து நிற்பேன் என்றால், நின்றிருப்பேன்தான். அதில் என்ன தப்பு? ஆபரேஷன் செய்துகொண்டு இன்னும் எத்தனை பேர் ஊரில் நடமாடுகிறார்கள்? என்னிடம் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா? இதைக் கேட்க எனக்கு உன்னைவிட்டால் யாரும் இல்லை. நீயோ பதில் சொல்லுகிற இடத்தில் இல்லை.

கடைசி வாரத்தில் நீ இரண்டு தடவை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன். என்ன என்று கேட்டேன். "ஒன்னுமில்லம்மா, வாயு" என்றாய். நான் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். நீயும் குடித்துவிட்டு, "இப்ப தேவலாம்" என்றாய். தம்பியின் செருப்பைச் சந்தேகப்பட்டேன், பூந்தோட்டத்தைச் சந்தேகப்பட்டேன், எளாவூர் வரைக்கும் போய் வேன் வேனாகப் பார்த்தேன். உன் வாயுவை மட்டும் நம்பினேன் நைனா.

காரியம் முடிந்ததும் தேவாதான் என்னைச் சோறு தின்ன வைத்தான். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம், சின்ன வயதில் அம்மா போட்டுக் கொடுத்த மாதிரி. அவன் மேல் சந்தேகப்பட்டு எளாவூர் போன கதையைச் சொன்னேன். கோபப்படுவான் என்று பார்த்தால், "அந்த ஆளு என்னை விட ஷோக்கா இருந்தானா?" என்று கேட்டான். உன்னைத் தூக்கிப் போன பிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் இரண்டு பேரும் சென்னைக்குப் போய் நெஞ்சைக் காட்டிக்கொண்டு வந்தோம். உன் நெஞ்சு நோய் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று ஆரோக்கியம் மாமாவிடம் அந்தப் பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தாராம். அவனுக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் பிரஷர் இருக்கிறது, காலையில் ஒரு மாத்திரை போடுகிறேன். டாக்டர் அறையில் இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். வெளியே இரு என்று அவனிடம் நானும் சொல்லவில்லை, என்னிடம் அவனும் சொல்லவில்லை.

அவனுக்குத் திரும்பிப் போகும் டிக்கெட்டை நான்தான் போட்டேன். மீனம்பாக்கத்தில் உள்ளே போகும்போது, "இப்பவாவது நம்பறியாக்கா?" என்றான். "போய் எறங்கினதும் கேமராவ ஜன்னல் பக்கம் திருப்பு, அப்பறம் சொல்றேன்" என்றேன். திருப்பினான். சாம்பல் நிற மழை, ஒரு கால்வாய், பாலத்தில் சாத்தி வைத்த சைக்கிள்கள், தொப்பலாக நனைந்துகொண்டு ஒரு நாய். எவ்வளவோ நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஏரிக்கரை மழை மாதிரியேதான் இருந்தது.

பட்டறையை ஆரோக்கியம் மாமாவின் மருமகன் எடுத்து நடத்துகிறார். நன்றாகத்தான் செய்கிறார் என்கிறார்கள். ஒருநாள் போய் நானே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

போன வாரம் தேவா போனில் இருமினான். "சளிதான்கா" என்றான். விடவில்லை. டாக்டரிடம் போக வைத்தேன். அவர் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைக்கச் சொன்னேன். சளிதான் என்றார் அந்த டாக்டர், இங்கிலீஷில். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் நைனா. உன் பிள்ளை எந்த ஊரில் இருந்தாலும், அவன் உடம்பைப் பற்றி அவன் சொல்வதை நான் நம்ப மாட்டேன். என் உடம்பைப் பற்றி அவனிடம் மறைக்கவும் மாட்டேன். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு என்ன ஆனாலும், மற்றவர் கிளம்பி வந்து சேருகிற அளவுக்கு நேரம் மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.

ஊரில் யாரிடமும் ஏமாறாத,
உன்னிடம் மட்டும் ஏமாந்துபோன
உன் மூத்த மகள்,
கோமளா